நடுவிலிருந்து தொடங்குகிறவன்

அவன் ஒரு கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லி நான் கேட்டதில்லை. பல்கலைக்கழகக் கம்பஸிலிருந்து நான்கு மாதம் கழித்து விடுமுறைக்கு வந்து, கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த அவனுடைய போன் திருத்தும் கடை வாசலில் நிற்பேன். தலையை நிமிர்த்தாமல், "அதுக்குள்ள உப்புத் தண்ணி போயிரிக்கி" என்பான். எதற்குள், யாருடைய போனுக்குள் என்று கேட்கக் கூடாது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். பத்து நிமிடத்தில் எல்லாம் தானாக விளங்கிவிடும். நான் நான்கு மாதம் ஊரில் இல்லாதது அவனைப் பொறுத்தவரை, கதைத்துக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தது மாதிரி.

அவனுக்குத் திக்குவாய். ஆனால் எல்லாச் சொல்லிலும் இல்லை. கதை ஓடத் தொடங்கிவிட்டால் என்னைவிட வேகமாக ஓடும். மதரஸாவில் குர்ஆன் ஓதும்போது அவன் குரல் தடுக்கியதே இல்லை. எங்கள் வகுப்பில் அவனைத்தான் ஓதச் சொல்வார்கள். முதல் சொல்தான் அவனுக்கு எதிரி. அதிலும் மாற்ற முடியாத முதல் சொற்கள். தேத்தண்ணி என்று வராவிட்டால் பிளேன்டி என்று சொல்லித் தப்பிக்கலாம். சலாத்துக்கு வேறு சொல் ஏது? 'அஸ்ஸலாமு' என்பதன் முதல் எழுத்திலேயே வாய் திறந்தபடி நின்றுவிடும். கழுத்து நரம்பு புடைக்கும். கண் ஒரு பக்கம் இழுக்கும். எதிரே நிற்பவர் அதற்குள் தன் செருப்பைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், பிறகு போய்விடுவார்.

எங்கள் ஊர் சாய்ந்தமருதில் வீட்டு ஒழுங்கையிலிருந்து கல்முனைக்கு நடந்தால், எண்ணவில்லை, ஆனால் முப்பது சலாமாவது குறுக்கே வரும். ஒவ்வொன்றுக்கும் பதில் கடமை. பதிலோடு முடியாது. "சுகமா? வாப்பா எப்படி? கடலுக்குப் போறாரா? உம்மாட கால்வலி?" என்று நீளும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் கதையே அல்ல; கதைக்கு முந்தி வாசலைக் கூட்டுவது. அவனுக்கு அந்த வாசலைத் தாண்டத்தான் முடியவில்லை. ஆகவே ஊர் அவனுக்கு ஒரு பெயர் வைத்திருந்தது: பெருமைக்காரன்.

அவன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு கூட்டத்துக்குச் சலாம் சொன்னால், அதில் ஒருவர் பதில் சொன்னால் போதும், மற்றவர்களின் கடமை நீங்கிவிடும் என்று மதரஸாவில் படித்திருந்தோம். அதைப் பர்ளு கிபாயா என்பார்கள். அன்றிலிருந்து அவன் தனியே நடப்பதை விட்டுவிட்டான். பள்ளிக்கூடத்துக்கு, கடைக்கு, கடற்கரைக்கு, எங்கே போனாலும் என் தோளோடு தோளாக வருவான். சலாம் வரும். நான் உரக்கப் பதில் சொல்வேன். அவன் நெஞ்சில் கை வைத்துச் சிரிப்பான். இரண்டு பேர் என்றாலும் கூட்டம் கூட்டந்தானே.

"நீ ஆளில்லடா, என்ட பர்ளு கிபாயா" என்பான்.

ஒருமுறை ஒரு மௌலவியிடம் இதை எழுதிக் கேட்டிருக்கிறான். வாயால் முடியாதவன் மனதால், கையால் பதில் சொன்னால் போதும், அல்லாஹ் ஏற்றுக்கொள்வான் என்று அவர் ஆறுதலாக அதே துண்டில் எழுதிக் கொடுத்தாராம். என்னிடம் அந்தத் துண்டைக் காட்டினான். பிறகு, "அல்லாஹ்ட பக்கம் சரி. ஊருட பக்கம்?" என்றான்.

எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். வாப்பா கரைவலை இழுத்தவர். கையெழுத்துக்கு விரல் நீட்டுவார். ஒன்பது வயதிலிருந்தே பிரதேச செயலகத்தில், ஆஸ்பத்திரியில், வங்கியில் வீட்டுக்காரர்களுக்காகக் கதைப்பவன் நான்தான். "நீங்க சும்மா இரிங்க வாப்பா, நான் சொல்றன்" என்று நான் முன்னால் போவதும், அவர் பின்னால் தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு நிற்பதும் எங்கள் இருவருக்கும் பெருமையாக இருந்தது. பிறருக்காக வாய் திறப்பதுதான் படிப்பின் பயன் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

உயர்தர வகுப்பில் வரவு எடுக்கும்போது அவனுடைய பெயருக்கும் நான்தான் "பிரசன்ட் சேர்" சொல்வேன். கணித ஆசிரியருக்கு அது தெரியும், பேசாமல் குறித்துக்கொள்வார். ஒருநாள் பெயர் வந்தது, நானும் வழக்கம்போலச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் ஆளே இல்லை. அவன் அன்று காய்ச்சலில் வீட்டில் கிடந்தான்.

"எங்கடா ஆள்?" என்றார் ஆசிரியர்.

"சேர், பழகிப் போச்சு சேர்."

"அப்ப அவன்ட சோதினையையும் நீயே எழுது" என்று என்னை வெளியே முழங்காலில் நிறுத்தினார். மறுநாள் அவனிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் இல்லாட்டியும் எனக்கு நீ கதைப்பாய் போல" என்றான். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பரீட்சைக்குப் பிறகு அவன் கடை போட்டான். படிப்பு வராமல் இல்லை. நேர்முகத்தேர்வு இல்லாத தொழில் எது என்று யோசித்துப் போட்டது. நீளமான விரல்கள், இடது பெருவிரல் நகத்தைத் தட்டையாக வளர்த்திருப்பான். போனின் மூடியைத் திறக்க அதுதான் ஆயுதம். கடை சின்னது, ஒரு கண்ணாடி மேசை, ஒரு விளக்கு, சுவரில் தொங்கும் கவர்கள். ஆனால் போன் திருத்துகிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. வேலை முடிந்ததும் யாருக்காவது எடுத்து "ஹலோ" சொல்லிப் பார்க்க வேண்டும். அவனால் முடியாதது அதுதான். ஆகவே எனக்கு எடுப்பான். தெரியாத இலக்கம் அழைக்கும். எடுத்தால் குரல் இருக்காது. ஆணி கழற்றும் சின்னத் திருப்புளியால் மைக்கில் மூன்று தட்டு. டிக், டிக், டிக். நான், "கேக்குது மச்சான்" என்பேன். வைத்துவிடுவான்.

கம்பஸ் கிடைத்து நான் மலைப்பக்கம் போன பிறகும் இது நிற்கவில்லை. விரிவுரைக்குள், கன்டீன் வரிசையில், பஸ்ஸில், யார் யாருடையவோ போன்களிலிருந்து டிக் டிக் டிக் வரும். கூடப் படித்தவர்கள், "ஆரு மச்சான், லவ்வா?" என்பார்கள். ஊரில் இன்னொரு போன் உயிர் பெற்றுவிட்டது என்று எனக்கு மட்டும் தெரியும்.

அந்த உப்புத் தண்ணீர்ப் போன் அறுகம்பேயில் அலைச்சறுக்க வந்திருந்த ஒரு வெள்ளைக்கார இளைஞனுடையது. கறுப்பு பனியன் போட்டிருந்தானாம். அதில் கத்தி முனைகளைக் கோத்தது மாதிரி எழுத்துகள். என் நண்பனுக்கு எழுத்தென்றால் ஆசை. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில், இது என்ன மொழி என்று ஆங்கிலத்தில் எழுதி நீட்டியிருக்கிறான். கிளிங்கன் என்று பதில் வந்தது. விண்வெளியில் நடக்கும் ஒரு தொடருக்காக, வேற்று உலகத்துப் போர்வீரர்கள் பேசுவதற்கென்று ஒருவர் உட்கார்ந்து செய்த மொழி. இலக்கணம் உண்டு, அகராதி உண்டு, அதை மெனக்கெட்டுப் படிக்கிற மனிதர்களும் உலகத்தில் உண்டு. போன் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த இளைஞன் நாலைந்து சொற்களைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அந்தப் பில் துண்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வருடக்கணக்கில் இருந்தது.

எனக்கு அவன் அதை விளக்கிய பின்னேரம் நன்றாக நினைவிருக்கிறது. கண்ணெல்லாம் வெளிச்சம்.

"இதுல சலாம் இல்ல மச்சான்."

"எதுல?"

"இந்தப் பாசையில. ஹலோவும் இல்ல. ஒண்டுமில்ல. ஒருத்தன் கிட்ட வந்தா மத்தவன் கேக்கிற, நுக்நெஹ்."

அந்தக் கடைசி எழுத்து தொண்டைக்குள்ளிருந்து வர வேண்டும். நடுவிலிருக்கும் 'க்' உள்நாக்கில் பிறக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் அதற்குத்தான் கஷ்டப்படுவார்களாம். மதரஸாவில் 'காஃப்', 'ஹே' என்று பிரம்படியோடு படித்த எங்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அவன் சொன்னபோது ஒரு தடுக்கலும் இல்லை. நான் அதைக் கவனித்தேன். நான் கவனித்ததை அவனும் கவனித்தான்.

"அர்த்தம்?"

"என்ன வேணும்?"

"இது சண்டைக்கு நிக்கிற மாதிரி இரிக்கே."

"சண்டையில்லடா. நேரம் மிச்சம். வந்தவன் வந்த விசயத்தச் சொல்லுவான். முடிஞ்சா போயிருவான். போயிட்டு வாறன் எண்டும் சொல்ற இல்ல. கூடிப்போனா, கப்லா. வெற்றி எண்டு அர்த்தம்."

"அப்ப உம்மா சுகமா, வாப்பா சுகமா எண்டு கேக்கிறதெல்லாம்?"

"உம்மாட சுகம் கேக்கத்தான் வந்தயெண்டா அதக் கேளு. அதுதான் விசயம். வேற விசயத்துக்கு வந்துட்டு உம்மாவ ஏன் இழுக்கிற?"

அவன் விரலை நிமிர்த்தினான்.

"சட்டமொண்டு இரிக்கி. வந்தவன் நுக்நெஹ் சொல்லப்படா. ஆருக்கிட்ட வந்தானோ, அவன்தான் சொல்லணும்."

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரே ஒரு கரச்சல்தான். சும்மா வந்த எண்டு சொல்ல அதுல சொல்லில்ல. நான் தேடிப் பாத்த. கிடைக்கல்ல" என்றான்.

அந்த நாளிலிருந்து கடைக்கு வருகிற எல்லாருக்கும் நுக்நெஹ்தான். எங்கள் ஒழுங்கையில் அக்கா முறையான ராத்தா ஒருவர் தலைமுக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ்வே! இதென்ன பாச, மகன்? ஜின் கின் புடிச்சிட்டா?" என்றார்.

"என்ன வேணும் எண்டு கேட்ட ராத்தா."

"கடைக்கு வந்தா அதத்தானே கேக்கிற. அதத் தமிழில கேட்டா என்ன, வாயி வேகுமா?"

ராத்தா சொன்னது சரி. ஊர் முழுக்க 'என்ன வேணும்' என்று தொடங்குவது முரட்டுத்தனம். கடை மேசைக்குப் பின்னால் மட்டும் அது மரியாதை. அவன் தேடிப் பிடித்து உட்கார்ந்திருந்தது அந்த மூன்றடி இடத்தில்தான்.

வீரமுனையிலிருந்து ஒரு வயல்கார ஐயா வருவார். பழைய பட்டன் போன். வயலில் விழுந்து சேறு போய்க்கொண்டே இருக்கும். அவருக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடித்துவிட்டது. படியேறும்போதே, "நுக்நெஹ் தம்பி!" என்று முழங்குவார்.

"நான்தான் சொல்லணும் ஐயா. வந்தது நீங்க."

"ஆ, அப்பிடியா? அப்ப நீ சொல்லு. நான் நிக்கிறன்." அவர் போய்ப் படியிலிறங்கி, மறுபடி ஏறுவார். இவன் சொல்வான். அவர் போனை நீட்டி, "சேறு!" என்பார். போர்வீரனைப் போல ஒரே சொல். இருவரும் சிரிப்பார்கள். போகும்போது அவருக்குத் தன் வழக்கத்தை விட முடியாது. "வரட்டே தம்பி, சொல்லிப்போட்டுப் போறன், குறை நினையாத" என்று மூன்று தரம் விடைபெறுவார்.

அப்போதுதான் அவனுக்குப் பெண் பேசினார்கள். இறக்காமத்தில், வயலும் வளவும் உள்ள வீடு. பெண் பாலர் பாடசாலை டீச்சர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவான். அதாவது தினமும் இன்னொருவருடைய வாசலில் சலாம் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும். அவனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் பெண்ணின் படத்தைத் தன் போனில் வைத்திருந்தான். திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பான். எனக்கு அனுப்பிய செய்தியும் நடுவிலிருந்துதான் தொடங்கியது: "அவவுக்கு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. அன்று போகலாம். நீ வருவாய்."

போனோம். அவன், அவனுடைய ராத்தா, அவருடைய கணவர், நான். வேலிப் படலையிலேயே பெண்ணின் வாப்பா நின்றிருந்தார். எருமை மாதிரி உடம்பு, குழந்தை மாதிரிச் சிரிப்பு. "அஸ்ஸலாமு அலைக்கும், வாங்க வாங்க" என்றார். நான் எல்லாருக்கும் முந்திக்கொண்டு உரக்கப் பதில் சொன்னேன். உள்ளே போயும் நான்தான். கடை எப்படி, வருமானம் எப்படி, தொழுகை எப்படி, எல்லாவற்றுக்கும் பதில் என் வாயிலிருந்துதான். ஒரு கட்டத்தில் அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"தம்பி, கலியாணம் ஒங்களுக்கா அவருக்கா? மாப்பிள்ள வாயத் தொறக்கிறாரில்லையே?"

"அவர் அப்பிடித்தான் மாமா. அடக்கமான ஆள்."

அடக்கம் என்ற சொல் அந்த வீட்டில் நன்றாக எடுபட்டது. உள்ளே திரைக்குப் பின்னால் பெண்கள் ஏதோ மெதுவாகக் கதைத்தார்கள். இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. பேச்சு முடிந்த மாதிரிதான்.

திரும்பும்போது வான் வண்டியின் பின்னிருக்கையில் அவன் என் காதருகே, "பொய் சொல்லிட்டாய்" என்றான்.

"பொய்யில்லடா. கலியாணம் முடியட்டும். பொறகு தானா தெரியும்."

அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டான். குளத்தங்கரையில் யானை மிதித்த கரும்பச்சை வயல் ஒன்று கடந்து போனது.

நான் கம்பஸுக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் அது நடந்தது. நாள் குறிப்பதைப் பற்றிக் கேட்கப் பெண்ணின் வாப்பா கல்முனைக்கு வந்தவர், நேராகக் கடைக்குப் போயிருக்கிறார். இவன் தனியாக இருந்தான். அவர் வாய் நிறையச் சலாம் சொன்னார். இவனுக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. அவர் இன்னொரு தரம் சொன்னார். இவன் முகம் கோணியது. கடையில் வேறு யாருமில்லை. எந்தக் கூட்டமும் இல்லை. ஏதாவது ஒரு சத்தம் வந்துவிட வேண்டும் என்ற தவிப்பில், நாக்கில் தடுக்காத ஒரே தொடக்கம் வந்து விழுந்தது.

"நுக்நெஹ்."

"என்ன மருமகன்?"

அர்த்தம் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? அது தடுக்காமல் வந்தது. "என்ன வேணும்?"

அவர் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாராம். பிறகு, "ஒண்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அவனுடைய ராத்தா எனக்குப் போன் எடுத்தார். குரல் கரகரத்தது. "தம்பி, சலாத்துக்குப் பதில் சொல்லாத மாப்பிள்ள எங்களுக்கு வேணாம் எண்டு சொல்லி அனுப்பிட்டாங்க. இவன் சாப்புட்றானில்ல, கடையத் தொறக்கிறானில்ல. நீங்க வந்து ஒருக்காக் கதைங்க தம்பி. நீங்க கதைச்சாத்தான் சரி வரும்."

நான் அந்த வார விடுமுறைக்கே வந்தேன். என்ன கதைப்பது என்று பஸ்ஸில் வரும்போதே தாளில் எழுதி வைத்திருந்தேன். அவன் அதை வாங்கி வாசித்தான், மடித்தான், என் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தான். "நான் சொல்றன்" என்றான். "நீ படலைக்கு வெளிய நில்லு."

"என்னத்தடா சொல்லப் போறாய்?"

"சலாம்."

இறக்காமத்தில் அந்த வீட்டுப் படலையில் நான் நின்றேன். முற்றத்தில் நெல் காய்ந்தது. அவன் நெல்லைச் சுற்றிப் போய் வாசற்படிக்கு இரண்டடி முன்னால் நின்றான். பெண்ணின் வாப்பா உள்ளே சாய்மனைக் கதிரையில் இருந்தார், கண்டும் எழவில்லை.

அவன் தொடங்கினான்.

"அ..."

நின்றது. மீண்டும். கழுத்து நரம்பை என்னால் பின்னாலிருந்தே பார்க்க முடிந்தது. கை இரண்டும் இறுகி, ஒரு தோள் மேலே ஏறியது. தெருவில் நெல்மூட்டை ஏற்றிய மோட்டார் சைக்கிள் ஒன்று வந்தது, கடந்தது, சத்தம் தேய்ந்தது. அவன் இன்னும் அந்த முதல் எழுத்தில் நின்றான். அந்த மனிதர் முன்னால் சாய்ந்து பார்த்தார். முகத்தில் குழப்பம். என் நண்பன் அந்த வாசலிலேயே உடைந்து போகிறான் என்று எனக்குத் தோன்றியது. அன்புதான், வேறெதுவுமில்லை. ஆனால் அது பழக்கமாகவும் இருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்!" என்றேன் படலையிலிருந்து.

"வ அலைக்குமுஸ்ஸலாம்" என்று அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சொன்னார். பழகிய பதில், தானாக வந்துவிட்டது.

அவன் நிறுத்திவிட்டான். திரும்பி என்னைப் பார்த்தான். கோபமான பார்வையல்ல. வகுப்பில் அவன் இல்லாத நாளில் நான் பிரசன்ட் சொன்னேனே, அதைக் கேட்டுச் சிரித்து, பிறகு சிரிப்பை நிறுத்தினானே, அந்த முகம்.

அப்போது உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பழகிய, அவசரமில்லாத குரல்.

"பொறுங்க வாப்பா. வாசல்ல நிக்கிறவரு இன்னும் சொல்லி முடிக்கல்ல."

அவன் மெதுவாக வாசலுக்குத் திரும்பினான். முதலிலிருந்து தொடங்கினான். நெல்லில் இரண்டு காகங்கள் வந்து உட்கார்ந்தன, யாரும் விரட்டவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் உள்ளங்கையால் என் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடைசியில் அது வந்தது, துண்டு துண்டாக, வேர்வையோடு, முழுதாக.

திரைக்குப் பின்னாலிருந்துதான் முதல் பதில் வந்தது. பிறகு அவருடையது. அவர் எழுந்து வந்து அவனுடைய தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். என்னையும் கூப்பிட்டார். உட்கார்ந்ததும் என்னிடந்தான் கேட்டார்:

"இதையா தம்பி மறச்சீங்க? வாய் கொன்ன எண்டா கொன்ன எண்டு சொல்லியிருக்கலாமே. எங்கட மூத்தப்பாக்கும் இரிந்த. நாங்க பெருமையெண்டுல்லா நெனச்ச."

எல்லா அலுவலகத்திலும் கதைத்த எனக்கு அன்று ஒரு சொல்லும் வரவில்லை. சட்டைப் பையில் அந்தத் தாள் மட்டும் சரசரத்தது.

கலியாணம் நடந்தது. நிக்காஹ்வில் மௌலவி சொல்லிக் கொடுக்க, அவன் பின்னால் சொன்னான். ஓதுவது மாதிரி அதுவும் தடுக்கவில்லை. எனக்கு வட்டிலப்பத்தில் பெரிய துண்டு வைத்தான். கட்டிப்பிடித்தான். பிறகு கல்முனைக் கடையைக் கொடுத்துவிட்டு மனைவி வீட்டோடு இறக்காமத்தில் குடியேறி, சந்தியில் வேறு கடை போட்டான் என்று கேள்விப்பட்டேன்.

டிக் டிக் டிக் அத்தோடு நின்றது.

சண்டை என்று ஒன்றும் இல்லை. பெருநாளைக்கு வாழ்த்து அனுப்பினால் பதில் வரும். ஆனால் போன்கள் தட்டவில்லை. நான் படிப்பு முடித்து, ஊரில் இல்லாமல், வெளியூரில் வேலை எடுத்தேன். தெரியாத இலக்கம் வந்தால் சில வருடம்வரை என் கை தானாகப் போனைக் காதில் வைத்து, தட்டலுக்குக் காத்திருக்கும். வங்கிக்காரர், கூரியர்காரர், தவறான இலக்கம். எல்லாரும் ஹலோவோடு தொடங்கினார்கள். அவன் இனி என்னிடம் வர மாட்டான், வர வேண்டிய தேவையும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. எனக்கு!

போன மாதம் ஒரு பின்னேரம், பஸ்ஸுக்கு நிற்கும்போது தெரியாத இலக்கம் ஒன்று. எடுத்தேன். சத்தமில்லை. தட்டலும் இல்லை. மூச்சு மட்டும். பிறகு,

"அ..."

எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது: மச்சான், நீயா, கேக்குது மச்சான். உதட்டைக் கடித்துக்கொண்டேன். என் பஸ் வந்தது. போனது. ரோட்டோரத்தில் தாரில் ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் அவன் அந்த எழுத்தைத் தூக்கினான், வைத்தான், மறுபடி தூக்கினான். ஒரு பிள்ளை பின்னால் ஏதோ கேட்டது. "பொறுங்க மகன், வாப்பா கதைக்கிறாரு" என்று அந்த அவசரமில்லாத குரல் சொன்னது. நான் காத்திருந்தேன்.

"...ஸ்ஸலாமு... அலைக்கும்."

அதைவிட நீளமாகத்தானே பதில் சொல்ல வேண்டும். அல்லாஹ்வின் அருளையும் பரக்கத்தையும் சேர்த்து, ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விட்டோம். அதற்குப் பிறகுதான் எனக்குச் சட்டம் நினைவு வந்தது. வந்தவன் கேட்கக்கூடாது, யாரிடம் வந்தானோ, அவன்தான் கேட்க வேண்டும். இந்த முறை வந்தது அவன்.

"நுக்நெஹ்?" என்றேன்.

சிரித்தான். அந்தப் பழைய, மூக்கால் வருகிற சிரிப்பு.

"சும்மாதான் மச்சான்" என்றான்.

போய்வருகிறேன் என்று சொல்லாமல் வைத்துவிட்டான்.